காலையில் பயிற்சி, மாலையில் மேடை

முன்பின் அறிமுகமே இல்லாத ஒரு கூட்டம் காலையில் தேவாலயத்தில் கூடி, அன்று மாலையே ஒரு முழு இசை நாடகத்தைப் பாடி அரங்கேற்ற முடியுமா?

முடியும்! இங்கிலாந்தில் 'வந்து பாடுங்கள்' என்று ஊரையே கூப்பிட்டு இதை நடத்துகிறார்கள். குரல் தேர்வெல்லாம் கிடையாது. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரித்து உட்காரவைத்து, வரி வரியாகப் பாடிக்காட்டுவார்கள். சாயங்காலம் சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும்.

நம்ம கார் நிக்கோபார் தீவுக்காரர்களுக்கு இது ஒன்றும் பெரிய சங்கதியாகத் தெரியாது. தோளோடு தோள் கைகோத்து, வட்டமாக ஆடியபடி விடிய விடியப் பாடிய வம்சம் அல்லவா! அந்தக் குரல்கள்தான் பின்னாளில் தேவாலயப் பாடகர் குழுக்களுக்கு வந்தன.

அந்தக் குரல்கள் தேவாலயத்துக்கு வந்த கதையில் ஒரு தமிழரும் இருக்கிறார், தெரியுமா? வேதப்பன் சாலமோன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, வேதமும் சொல்லிக்கொடுத்தவர். கப்பல் எப்போது வரும் என்றே தெரியாத காலம் அது!

அவரிடம் படித்த நிக்கோபாரிச் சிறுவன்தான் ஜான் ரிச்சர்ட்சன். வளர்ந்து பிஷப் ஆனார், புதிய ஏற்பாட்டைத் தன் தாய்மொழியில் தந்தார். நம்ம அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு முதல் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரேதான்!