ஒரகடம் டு ஜெர்மனி... 'ஏ1' சர்டிஃபிகேட் எதுவரை கூட்டிப்போகும்?

உங்கள் வீட்டுக் குழந்தையை எல்.கே.ஜி-யில் சேர்த்த அன்றே ஒரு ஜெர்மன் சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. அந்த 'கே.ஜி', 'கிண்டர்கார்டன்' என்பதன் சுருக்கம். 'கிண்டர்' என்றால் குழந்தைகள், 'கார்டன்' என்றால் தோட்டம். ஃபிரெடரிக் ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் 1840-ல் வைத்த பெயர் அது. பதினைந்து வருஷம் கழித்து அதே பிள்ளை இன்ஜினீயரிங் சேர்ந்ததும் இன்னொரு கேள்வியோடு வந்து நிற்கும். ''ஃபாரின் லாங்குவேஜ் ஒண்ணு எடுக்கணும். ஜெர்மன் எடுக்கட்டுமா... வேலைக்கு உதவுமா?''

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில் வரை நீளும் சாலையில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் அர்த்தம் உண்டு. ஒரகடத்தில் 2012 முதல் 'பாரத்பென்ஸ்' லாரிகளைத் தயாரிக்கும் டைம்லர் தொழிற்சாலை இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ கார்கள் தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் கான்கிரீட் இயந்திரங்கள் செய்யும் ஷ்விங் ஸ்டெட்டர் இருக்கிறது. மூன்றுமே ஜெர்மன் வேர் கொண்ட நிறுவனங்கள். பக்கத்திலேயே காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகளோடு ஜெர்மனும் ஒரு பாடம். வி.ஐ.டி-யிலும் அடிப்படை ஜெர்மன் சொல்லித் தருகிறார்கள். போதாக்குறைக்கு, 'மூன்றே மாதத்தில் ஜெர்மனி' என்று ஆசைகாட்டும் விளம்பரங்கள் வேறு.

அந்த முதல் நிலை ஜெர்மன் எவ்வளவு? அதை வைத்து எதுவரை போகலாம்? பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிடலாம்.

ஒரகடத்தில் வேலை பார்க்க ஜெர்மன் வேண்டுமா?

வேண்டியதில்லை. இங்குள்ள ஜெர்மன் நிறுவனங்களின் அசெம்பிளி லைனில் ஓடுவது தமிழ்தான். மீட்டிங்கிலும் மெயிலிலும் இங்கிலீஷ். ஜெர்மன் தெரியாததால் மட்டும் ஒரு ஃபிட்டர் வேலையோ, குவாலிட்டி இன்ஜினீயர் வேலையோ கைநழுவிப் போகாது.

ஆனால், தெரிந்தால் பயன்படும் இடங்கள் உண்டு. தாய் நிறுவனத்திலிருந்து வரும் வரைபடங்கள், டின் எனப்படும் ஜெர்மன் தரநிலை எண்கள், பயிற்சிக்காக ஜெர்மனி போகும் வாய்ப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. சில இடங்களில் இது பாதுகாப்பு விஷயமாகவும் ஆகிவிடும். ஜெர்மனியில் செய்த பழைய இயந்திரங்களில் சிவப்பு பட்டன் மேல் 'நோட்-ஆவுஸ்' என்று எழுதியிருக்கும். முதல் மூன்று எழுத்தை இங்கிலீஷாகப் படித்தால் 'நாட்', அதாவது 'இல்லை' என்று தோன்றும். ஜெர்மனில் அதற்கு 'ஆபத்து' என்று பொருள். ஆபத்தென்றால் உடனே அமுக்க வேண்டிய பட்டன் அதுதான். அதேபோல, ஒரு டப்பா மேல் 'கிஃப்ட்' என்று ஜெர்மனில் எழுதியிருந்தால் அது பரிசு அல்ல, விஷம்.

ஏ1 என்றால் எவ்வளவு?

ஐரோப்பிய அளவுகோலில் மொழித்திறனுக்கு ஆறு படிகள். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. கல்லூரியில் நடக்கும் 'எலிமென்டரி ஜெர்மன்' முதல் படியான ஏ1-ஐக் குறிவைப்பது. இதற்கு ஏறக்குறைய 650 சொற்கள் தெரிந்தால் போதும். பெயர், ஊர், வேலை, குடும்பம் பற்றிச் சொல்வது, கடையில் விலை கேட்பது, ரயில் நிலைய அறிவிப்பைப் புரிந்துகொள்வது, விண்ணப்பம் நிரப்புவது என்று அன்றாடத் தேவைகள்தான் பாடம்.

சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரிலும் அறியப்படும் கோதே இன்ஸ்டிட்யூட் நடத்தும் ஏ1 தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல் மூன்றும் சேர்த்து சுமார் 65 நிமிடம். பிறகு குழுவாக உட்கார்ந்து 15 நிமிடம் பேச வேண்டும். எழுத்துத் தேர்வில் ஒரு படிவத்தை நிரப்பி, சுமார் 30 சொற்களில் ஒரு குறுஞ்செய்தி எழுதினால் போதும். 100-க்கு 60 எடுத்தால் பாஸ்.

எளிதாகத்தான் தெரிகிறது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஏ1 முடிக்க 45 நிமிடம் கொண்ட பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவைப்படலாம் என்பது கோதே இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு. கல்லூரியில் வாரம் 3 மணி நேரம், 15 வாரம் என்று வைத்துக்கொண்டால் 45 மணி நேரம், அதாவது 60 பாடவேளைதான். செமஸ்டரில் 'ஓ' கிரேடு வாங்கினாலும் ஏ1 முழுசாக முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. கல்லூரி மதிப்பெண் வேறு, ஏ1 சான்றிதழ் வேறு.

இங்கிலீஷ் வழியாகப் போக வேண்டாம்!

ஜெர்மன் வகுப்பில் பலரும் செய்வது, தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்கு மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்குத் தாவுவது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது இரட்டைச் சுமை. பல இடங்களில் தமிழிலிருந்து நேராகவே போய்விடலாம்.

தமிழில் 'எனக்குக் குளிர்கிறது' என்கிறோம். ஜெர்மனில் 'மியர் இஸ்ட் கால்ட்'. 'மியர்' என்றால் 'எனக்கு'. நம் நான்காம் வேற்றுமை அப்படியே இருக்கிறது. இங்கிலீஷைப் பார்த்து 'நான்' போட்டு 'இஹ் பின் கால்ட்' என்றால், 'நான் ஈரமில்லாத மனுஷன்' என்கிற மாதிரி ஆகிவிடும். 'அது எனக்குப் பிடிச்சிருக்கு' என்பதும் அப்படித்தான். 'தாஸ் கெஃபெல்ட் மியர்', அங்கேயும் 'எனக்கு'தான்.

இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. ஜெர்மனில் நெருங்கியவர்களுக்கு 'டூ', மற்றவர்களுக்கு 'ஸீ'. நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏ2 நிலைக்குப் போகும்போது இன்னொரு ஆச்சர்யம் காத்திருக்கிறது. காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். 'ஜெர்மனியில் வேலை பார்க்க விரும்புவதால்' என்று நாம் அடுக்கும் அதே வரிசையில் 'ஜெர்மனியில் - வேலை பார்க்க - விரும்பு' என்றுதான் ஜெர்மனிலும் அடுக்க வேண்டும். 'ஏனென்றால்' என்ற சொல் மட்டும் முன்னால் வரும். இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்கள் திணறும் இடம் இது.

சொல் மேல் சொல் கோப்பதும் நமக்குப் பழக்கம்தான். 'ஹான்ட்ஷூ' என்றால் கையுறை. பிரித்தால், கை + ஷூ. 'க்ராங்கன்ஹவுஸ்' என்றால் நோயாளிகள் வீடு, அதாவது மருத்துவமனை.

தடுக்கி விழும் இடங்கள்

எல்லாமே சுலபம் என்று சொல்லிவிட முடியாது. முதல் தடங்கல், பால். தமிழில் மேஜை, கதவு, ஜன்னல் எல்லாம் அஃறிணை. ஜெர்மனில் மேஜை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் பொதுப்பால். இதற்கு லாஜிக் தேடினால் தலைதான் வலிக்கும். 'டெர்', 'டீ', 'தாஸ்' என்ற முன்சொல்லோடு சேர்த்தே ஒவ்வொரு பெயரையும் மனப்பாடம் செய்வதே வழி. ஓர் ஆறுதல் உண்டு. 'குழந்தை அழுகிறது' என்று நாம் அஃறிணையில் சொல்வதுபோல, ஜெர்மனிலும் குழந்தை 'தாஸ் கிண்ட்', பொதுப்பால்தான்.

இரண்டாவது, எண்கள். 24 என்பதை 'நாலும் இருபதும்' என்று திருப்பிச் சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 42 ஆகிவிடும். போன் நம்பர், பார்ட் நம்பர், அளவு எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு.

மூன்றாவது, மணி. 'ஹால்ப் ஆக்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'அரை எட்டு'. எட்டரை என்று நினைத்துக் கிளம்பினால் ஒரு மணி நேரம் லேட். எட்டை நோக்கி அரை மணி போயிருக்கிறது என்ற கணக்கில் அது ஏழரை. ஷிஃப்ட் பிடிக்கிறவர்கள் முதல் வாரமே மனதில் பதிக்க வேண்டிய சமாசாரம்.

உச்சரிப்புக்கு ஒரு டிப்ஸ். 'உ' மேல் இரண்டு புள்ளி வைத்த எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'ஊ' சொல்ல உதட்டைக் குவித்து, குவித்தபடியே 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள்... வந்துவிடும்.

இனிஷியல் எங்கே போகும்?

பாடப்புத்தகத்தில் மொழியோடு பண்பாடும் வரும். நம் பிள்ளைகள் முதலில் முழிப்பது விண்ணப்பப் படிவத்தில்தான். 'ஃபோர்நாமெ' என்றால் சொந்தப் பெயர், 'ஃபமீலியன்நாமெ' என்றால் குடும்பப் பெயர். நமக்குத்தான் குடும்பப் பெயரே இல்லையே! இனிஷியலை விரித்து அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் எழுதினால், முருகன் மகன் கார்த்திக்கை அங்கே எல்லோரும் 'ஹெர் முருகன்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட், மார்க் ஷீட், மொழிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுவது பின்னாளில் அலைச்சலைக் குறைக்கும்.

நம்மூரில் மதியம் யாரைப் பார்த்தாலும் 'சாப்டாச்சா?' என்கிறோம். ஜெர்மன் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் மதிய வேளையில் எதிரில் வருபவருக்கு 'மால்ட்ஸைட்' என்று சொல்வார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள், அதுவே வணக்கமும்கூட. வேலை முடிந்த பிறகான நேரத்துக்கு 'ஃபையர்ஆபென்ட்' என்று தனிச் சொல்லே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே பால், ரொட்டி வாங்கி வைக்காவிட்டால் மறுநாள் திண்டாட்டம்தான்.

எந்தப் படி, எதற்கு?

இனி, வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம்.

* கல்யாணம்: ஜெர்மனியில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ சேர்ந்து வாழப் போகிறவர்களிடம் பொதுவாக ஏ1 கேட்பார்கள். துணைவர் 'ப்ளூ கார்டு' வைத்திருந்தால் விலக்கு உண்டு.

* வேலை தேடிப் போக: 2024 ஜூன் 1 முதல் 'சான்சன்கார்ட்டெ' என்ற வாய்ப்பு அட்டை நடைமுறையில் இருக்கிறது. பட்டமோ, குறைந்தது இரண்டு ஆண்டுத் தொழிற்கல்வியோ வேண்டும். அதோடு ஜெர்மனில் ஏ1 அல்லது இங்கிலீஷில் பி2. வயது, அனுபவம், மொழி போன்றவற்றுக்கு ஆறு புள்ளிகள் சேர வேண்டும். கையில் செலவுக்குப் பணமும் காட்ட வேண்டும். இது வேலை தேட அனுமதிதானே தவிர, வேலைக்கான உத்தரவாதம் இல்லை. ஐ.டி.ஐ, டிப்ளோமா படித்தவர்கள் தங்கள் சான்றிதழ் அங்கே ஏற்கப்படுமா என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும்.

* சம்பளத்தோடு தொழிற்பயிற்சி: 'ஆவுஸ்பில்டுங்' எனப்படும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுப் பயிற்சிக்குப் பொதுவாக பி1 தேவை.

* செவிலியர் வேலை: பொதுவாக பி2 வரை போக வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களுக்கு ஜெர்மன் பயிற்சி தருகிறது.

* மேற்படிப்பு: இங்கிலீஷில் நடக்கும் எம்.எஸ் படிப்புகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால், ஓராண்டுச் செலவுக்காக முடக்கக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ.

'மூன்றே மாதத்தில் ஜெர்மனி' விளம்பரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பி1 முடிக்க 350 முதல் 650 பாடவேளைகள் ஆகும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டுமென்றால், சீக்கிரம் பிடித்துக்கொள்பவருக்கே வாரம் 27 பாடவேளை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறி வேலை பார்ப்பவரால் அது முடியுமா? வாரம் 10 பாடவேளை என்று நிதானமாகப் போனால் 8 முதல் 15 மாதம். இதுதான் நம்பக்கூடிய கணக்கு.

தரங்கம்பாடி மணலில் எழுதியவர்

இதே பயணத்தை எதிர்த்திசையில் ஒருவர் செய்திருக்கிறார். ஜெர்மானியரான சீகன்பால்க், 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அவருடைய தமிழ் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715-ல். அடுத்த ஆண்டு அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியானது. மணலில் தொடங்கி இலக்கண நூலுக்கு வரப் பத்து ஆண்டுகள்.

பணம் கட்டும் முன்...

எந்த மையத்தில் சேர்வதானாலும் நாலு கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை பாடவேளை? தேர்வை நடத்துவது யார்? அந்தச் சான்றிதழை ஜெர்மன் தூதரகம் ஏற்குமா? தேர்வுக் கட்டணம் இதில் சேர்ந்ததா, தனியா? 'வேலையும் நாங்களே வாங்கித் தருகிறோம்' என்று சொன்னால், அந்த ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கல்லூரியிலேயே ஜெர்மன் பாடமாகக் கிடைக்கிறது என்றால் தயங்காமல் எடுக்கலாம். தனியாகப் பெரும் பணம் கட்டாமல், இந்த மொழி நமக்கு ஒத்துவருமா என்று ஒரு செமஸ்டரில் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒத்துவந்தால் அந்த லீவிலேயே ஏ1 தேர்வை எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் முதலில் மறப்பது 'டெர், டீ, தாஸ்'தான்!