"நாந்தான்" என்றால் யார்?

"யாருல அது?"

"நாந்தான்!"

நெல்லைப் பக்கம் இரவில் கதவைத் தட்டினால் கேட்கும் பேச்சு இது. அண்ணன் தட்டினாலும் "நாந்தான்". தம்பி தட்டினாலும் "நாந்தான்". சொல் ஒன்று, ஆள் வேறு. குரலை வைத்தே அம்மா ஆளைத் தெரிந்துகொள்வாள்.

கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு "நான்" உண்டு. அதை மறந்தால் கணக்கு குழம்பிவிடும்!

எட்டு அணைகள்

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலே கோடைமேலழகியான். பிறகு நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர். கடைசியில் ஸ்ரீவைகுண்டம்.

இவற்றின் நீர்மட்டத்தைக் கம்ப்யூட்டரில் பதிவதாக வைத்துக்கொள்வோம். எட்டு அணைக்கும் எட்டு உத்தரவா? வேண்டாம். "அணைக்கட்டு" என்று பொதுவாக ஓர் அச்சு செய்தால் போதும். இதற்கு 'கிளாஸ்' என்று பெயர். அந்த அச்சில் வார்த்த ஒவ்வோர் அணையும் ஓர் 'ஆப்ஜெக்ட்'. செங்கல் அறுப்பதைப் போலத்தான். ஆனால் செங்கல்லுக்குப் பெயர் கிடையாது. இங்கே ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி நீர்மட்டம் உண்டு.

அச்சில் எழுதும் உத்தரவு இதுதான்: "வந்த அளவை என் நீர்மட்டமாகக் குறி."

"என்" என்றால் யாருடையது? சுத்தமல்லியை அழைத்தால் சுத்தமல்லியுடையது. மருதூரை அழைத்தால் மருதூருடையது. உத்தரவு மாறவில்லை. அழைக்கப்பட்டவர்தான் மாறுகிறார்!

இந்த "நான்" என்ற சொல்லை ஜாவா மொழியில் 'திஸ்' என்பார்கள். பைத்தான் மொழியில் 'செல்ஃப்' என்று எழுதுவது வழக்கம். நார்வே நாட்டு அறிஞர்கள் டாலும் நைகார்டும் உருவாக்கிய 'சிமுலா 67' மொழியிலேயே 'திஸ்' இருந்தது.

வெள்ளம் வந்தும் தெரியவில்லை!

மருதூர் ஏட்டில் 3 அடி என்று இருக்கிறது. இப்போது 9 அடி என்று செய்தி வருகிறது. வந்த எண்ணுக்கும் "நீர்மட்டம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "திஸ்" என்று எழுதவும் மறந்துவிட்டார்கள். "நீர்மட்டம் = நீர்மட்டம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

என்ன ஆகும்? இரண்டுமே வந்த எண்தான் என்று ஜாவா எடுத்துக்கொள்ளும். 9ஐத் தூக்கி அது இருந்த இடத்திலேயே வைக்கும். ஏட்டில் அதே 3 அடி! "தப்பு" என்று கம்ப்யூட்டர் கூச்சலும் போடாது. அதுதான் ஆபத்து. புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

"திஸ்.நீர்மட்டம் = நீர்மட்டம்" என்று திருத்தினால் 9 அடி ஏட்டில் ஏறிவிடும்.

ஓரிடத்தில் மட்டும் "திஸ்" செல்லாது. "மொத்தம் எத்தனை அணைகள்?" என்று அச்சையே கேட்கும் உத்தரவு அது. அங்கே எந்த அணையும் அழைக்கப்படவில்லை. "திஸ்" என்று எழுதினால் ஜாவா உடனே மறுத்துவிடும். வாசலில் ஆளே இல்லாதபோது "நாந்தான்" என்று யார் சொல்வது?