கண்ணிவெடியை மிதித்த பொம்மை!

கடற்கரை மணலில் 'ராவணன் மீசை' பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? பந்து போல உருண்டையாக, சுற்றிலும் நீள நீளமான முள்ளோடு இருக்கும். ஒரு வகைப் புல்லின் விதைக் கொத்து அது. காற்று வீசினால் போதும், முள் நுனிகளையே கால்களாக்கிக்கொண்டு மணல் மேல் குடுகுடுவென்று ஓடும். நாமும் பின்னாலேயே ஓடுவோம். அது எங்காவது போய் நிற்கும். மூச்சு வாங்க ஓடிப் போய் எடுத்துக்கொள்வோம்.

அப்படிப் போய் எடுக்க முடியாத ஒரு சிறுவனின் கதை இது.

ஆப்கானிஸ்தானின் தலைநகர் காபூல். அதன் ஓரத்தில், விமான நிலையத்துக்கு அருகே கசாபா என்று ஒரு பகுதி இருக்கிறது. சுற்றிலும் உயரமான மலைகள், இடையே வெட்டவெளி. மாலையானால் மலையை நோக்கிப் பலமாகக் காற்று வீசும். 1983-ல் பிறந்த மசூத் ஹசானி வளர்ந்தது இங்கேதான். கடையில் பொம்மை வாங்க வழியில்லை. அதனால் மசூத்தும் அவன் சகோதரன் மஹ்மூதும் கையில் கிடைத்த பொருள்களை வைத்துத் தாங்களே பொம்மை செய்தார்கள். எல்லாம் காற்றில் உருண்டு ஓடும் பொம்மைகள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். யாருடைய பொம்மை வேகமாக ஓடுகிறது என்று பந்தயம் நடக்கும்!

நன்றாகச் செய்த பொம்மைதானே வேகமாக ஓடும்? அங்கேதான் சிக்கல். ரொம்ப நன்றாக ஓடிய பொம்மை ரொம்ப தூரம் போய்விடும். போய் நின்ற இடத்தில் மண்ணுக்குள் கண்ணிவெடி இருக்கும். பொம்மை கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. அப்படி மசூத் தொலைத்த பொம்மைகள் எத்தனையோ.

கண்ணிவெடி என்பது மண்ணில் மறைத்து வைக்கும் குண்டு. யாராவது மிதித்தால் வெடிக்கும். மிதிப்பவர் ராணுவ வீரரா, ஆடு மேய்க்கும் சிறுமியா என்று அதற்குத் தெரியாது. போர் முடிந்துவிட்டது என்பதும் தெரியாது. பல வருடம் ஆனாலும் அப்படியே காத்திருக்கும். 1979 முதல் 1989 வரை சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானில் இருந்தது. அப்போதும், அதற்குப் பிறகு நடந்த உள்நாட்டுப் போரிலும் ஏராளமான கண்ணிவெடிகள் அங்கே புதைக்கப்பட்டன. சில வகை வெடிகளை விமானத்திலிருந்தே தூவினார்கள். அவற்றில் ஒன்றுக்குப் பட்டாம்பூச்சி வெடி என்று பெயர். பச்சை நிற பிளாஸ்டிக்கில் இரண்டு இறக்கையோடு கீழே கிடக்கும். பொம்மை என்று நினைத்துக் குழந்தைகள் கையில் எடுத்துவிடுவார்கள். இப்போதும்கூட அந்த நாட்டில், போர் மிச்சம் வைத்துப் போன வெடிபொருள்களால் காயப்படுகிறவர்களிலும் இறப்பவர்களிலும் பெரும்பாலோர் குழந்தைகள்தான்.

போருக்குப் பயந்து மசூத் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1998-ல் நெதர்லாந்து போய்ச் சேர்ந்தார். புது மொழி, புது ஊர், புது மனிதர்கள். வளர்ந்த பிறகு அங்கே ஐந்தோவன் நகரில் உள்ள டிசைன் அகாடமியில் மாணவராகச் சேர்ந்தார்.

டிசைன் படிப்பு என்றால் சட்டையில் பூப்போடுவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்! நாம் உட்காரும் நாற்காலி, தண்ணீர் பாட்டில், பஸ்ஸில் பிடித்துக்கொள்ளும் கம்பி... ஒவ்வொன்றும் எந்த அளவில், எந்தப் பொருளில் இருந்தால் மனிதர்களுக்கு வசதி என்று யோசிப்பதுதான் அந்தப் படிப்பு. படிப்பை முடிக்கும்போது மாணவர்கள் சொந்தமாக ஒரு பொருளை உருவாக்கிக் காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்? மசூத்துக்குத் தொலைந்துபோன பொம்மைகள் நினைவுக்கு வந்தன. கசாபாவுக்கே திரும்பிப் போனார். கிட்டத்தட்ட இருபது வருடம் கழித்து, அந்தப் பொம்மைகளை மறுபடி செய்தார். நம்மால் போக முடியாத இடத்துக்குப் பொம்மை போகிறது. அப்படியானால் கண்ணிவெடியைப் பொம்மையே மிதிக்கட்டுமே!

நினைக்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். காற்று தள்ள வேண்டுமென்றால் பொருள் லேசாக இருக்க வேண்டும். கண்ணிவெடி வெடிக்க வேண்டுமென்றால் பொருள் கனமாக இருக்க வேண்டும். லேசாகவும் கனமாகவும் ஒரே பொருள் இருப்பது எப்படி? கொஞ்சம் நிறுத்தி நீங்களே யோசித்துப் பாருங்கள்...

மசூத் கண்டுபிடித்த விடை, அளவு! சின்ன வயதுப் பொம்மையைப் போல இருபது மடங்கு பெரிதாக ஒன்றைச் செய்தார். நடுவில் ஓர் உருண்டை. அதிலிருந்து எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் கால்கள். ஒவ்வொரு காலின் நுனியிலும் தட்டு மாதிரி வட்டமான ஒரு பிளாஸ்டிக் பாதம். மொத்த உயரம் ஏறக்குறைய 2 மீட்டர், எடை சுமார் 70 கிலோ. அதாவது, நன்றாக வளர்ந்த ஒரு பெரியவரின் எடை. அத்தனை பாதங்களும் காற்றைத் தடுத்துப் பிடிப்பதால் பொருள் நகரும். நகரும்போது பாதங்கள் தரையை அழுத்திக்கொண்டே போகும். பார்த்தால் அசல் ராவணன் மீசைதான்!

மூங்கில் எதற்கு? விலை குறைவு, எடையும் குறைவு. வெடி வெடித்தால் சில கால்கள் உடையும். மீதிக் கால்களோடு அது மேலே உருளும். உடைந்த கால்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இரும்பில் செய்திருந்தால் சிதறிய துண்டுகளே ஆபத்து. பிறகு மெட்டல் டிடெக்டரோடு வருகிறவர்களையும் அவை குழப்பும். நடு உருண்டைக்குள் ஜிபிஎஸ் கருவி ஒன்றும் உண்டு. பந்து எந்த வழியாக உருண்டது என்பதை அது கம்ப்யூட்டரில் காட்டிவிடும்.

இதற்கு 'மைன் கஃபோன்' என்று பெயர் வைத்தார். மைன் என்றால் கண்ணிவெடி. கஃபோன் என்பது அவர் ஊரில் பேசும் தாரி மொழியில், வெடிப்பதைக் குறிக்கும் சொல். 2011-ல் இதைக் காட்டித்தான் படிப்பை முடித்தார். ஒன்றைச் செய்ய 40 யூரோ போதும் என்பது அவர் போட்ட கணக்கு. அன்றைய மதிப்பில் மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு! மொராக்கோ பாலைவனத்தில் உருட்டிப் பார்த்தார். நெதர்லாந்து ராணுவத்தினர் உதவியோடு வெடி வைத்தும் சோதித்தார். 2012-ல் இதைப் பற்றி ஒரு குறும்படம் வந்தது. உலகம் முழுக்கப் பேச்சானது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் மைன் கஃபோனைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

அப்புறம் என்ன, ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடி எல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? இல்லை. அந்தப் பகுதியையும் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது.

கண்ணிவெடி அகற்றுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் தலையை ஆட்டினார்கள். காற்று நாம் சொன்ன பக்கமா வீசும்? மேடு வந்தால்? புதர் வந்தால்? ஒரு வயலில் பத்து வெடி இருக்கிறது, பந்து ஒன்பதை வெடிக்க வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் பத்துக்கு ஒன்பது வாங்கினால் கைதட்டுவோம். அந்த வயலில் யாராவது நடப்பார்களா? அவர்கள் செய்யும் வேலையைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். தரையில் மண்டியிட்டு, மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடி, சத்தம் வந்த இடத்தில் மெல்லிய கம்பியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். நாள் முழுக்க உழைத்தாலும் கொஞ்ச இடம்தான் முடியும். ஆப்கானிஸ்தானில் வேலை முடிந்த பக்கம் வெள்ளைக் கல், முடியாத பக்கம் சிவப்புக் கல் வைப்பார்கள். வெள்ளைக் கல் வைத்தால், அங்கே குழந்தைகள் ஓடியாடலாம் என்று அர்த்தம். காற்றை நம்பி அந்தக் கல்லை வைக்க முடியாது.

ஆகவே மைன் கஃபோன் ஒரு முழுத் தீர்வு அல்ல. ஆனாலும் அது உருண்டு போய் ஓர் இடத்தில் வெடித்தால், 'இங்கே வெடி இருக்கிறது, வராதே' என்று ஒரு மனிதரின் காலுக்குப் பதில் ஒரு மூங்கில் கால் சொல்லிவிடுகிறது. எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

மசூத்தும் அத்தோடு விட்டுவிடவில்லை. காற்று சொன்னபடி கேட்கவில்லையா? சொன்னபடி பறக்கும் ஒன்றைச் செய்வோம் என்று சகோதரனோடு சேர்ந்து இறங்கினார். 2016-ல் அவர்கள் காட்டியது ஒரு டிரோன், அதாவது ஆளில்லாமல் பறக்கும் சிறு விமானம். அது முதலில் மேலிருந்து நிலத்தை வரைபடமாக்கும். பிறகு தரையை ஒட்டிப் பறந்து மெட்டல் டிடெக்டரால் வெடியைத் தேடும். கடைசியில் அதன் மேல் ஒரு சிறிய வெடிப்பானை வைத்துவிட்டு விலகிப் போய்விடும். தூரத்திலிருந்தே வெடிக்க வைக்கலாம். இதற்காக இணையம் மூலம் பொதுமக்களிடமிருந்து பணம் திரட்டினார்கள். இந்த முறையிலும் ஒரு வெடிகூட விடுபடாமல் இருக்குமா என்று நிபுணர்கள் கேள்வி கேட்டார்கள்.

சின்ன வயது நினைவை வைத்துக் கண்ணிவெடியோடு மோதியவர் இவர் ஒருவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். பெல்ஜியம் நாட்டின் பார்ட் வீட்யன்ஸும் டிசைன் படித்தவர்தான். சின்ன வயதில் அவர் வீட்டில் வளர்த்தவை எலி இனப் பிராணிகள்! எலிக்கு மோப்ப சக்தி அதிகம், எடையோ குறைவு என்பது அவருக்கு அப்போதே தெரியும். 1997-ல் அபோபோ என்ற அமைப்பைத் தொடங்கி, ஆப்பிரிக்கப் பெருச்சாளிகளுக்கு வெடிமருந்தை மோப்பம் பிடிக்கப் பழக்கினார். மெட்டல் டிடெக்டர் ஆணி, தகரம் என்று எல்லாவற்றுக்கும் கத்தும். பெருச்சாளி வெடிமருந்து வாசனை வந்தால் மட்டும் நின்று மண்ணைப் பிறாண்டும். ஒரு டென்னிஸ் மைதானம் அளவு இடத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். மெட்டல் டிடெக்டரோடு ஒரு மனிதர் தேடினால் நாலு நாள்கூட ஆகலாம்.

அவற்றில் மகாவா என்ற பெருச்சாளி கம்போடியாவில் வேலை பார்த்தது. 39 கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து, 2020-ல் தங்கப் பதக்கம் வாங்கியது. எலி இனத்தில் அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் ஆள் அதுதான்! 2021-ல் முறைப்படி ஓய்வும் கொடுத்தார்கள். அதற்கு ரொம்பப் பிடித்த சாப்பாடு என்ன தெரியுமா? வாழைப்பழமும் வேர்க்கடலையும்!