சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறதா?

புது வருஷம் பிறந்தாலும் கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும் ஜிம்மில் கூட்டம் கூடிவிடுகிறது. அடுத்த வாரமே அதில் சிலர் மருத்துவரான என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். தலை சீவக் கை எழும்பாது, குத்தவைத்து உட்கார்ந்தால் எழ முடியாது. சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போகிறது.

இதுதான் 'ராப்டோமயோலிசிஸ்' என்ற தசைச் சிதைவு. உடைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. 1941-ல் லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் நசுங்கியவர்களிடம் மருத்துவர் பைவாட்டர்ஸ் விவரித்த அதே பாதிப்பு. நோயைவிட என்னை வருத்துவது, நிறம் மாறி மூன்று நாள் கழித்து இவர்கள் வருவதுதான்.

வலித்தால்தான் வளருமா?

புதிதாகப் பயிற்சி செய்தால் ஓரிரு நாள் வலிக்கும், பிறகு தணியும். நாளுக்கு நாள் கூடுகிற வலியும், வீக்கமும், கை கால் ஓய்ந்துபோவதும் வளர்ச்சியின் அறிகுறி அல்ல. முதல் நாளே நூறு ஸ்குவாட்ஸ் போடவைக்கும் பயிற்சியாளரை நம்பாதீர்கள். 'நான் பழைய விளையாட்டு வீரன்' என்பதும் காப்பாற்றாது. பல மாதம் விட்டுவிட்டுத் திரும்பும் உடம்பு புது உடம்புதான்.

அது சூடு அல்ல

சிறுநீர் கறுத்ததும் 'உடம்புச் சூடு' என்று வீட்டில் முடிவு கட்டி, இளநீராக வாங்கிக் கொடுக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிதைந்த தசையிலிருந்து ஏற்கெனவே பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். சிறுநீரகமும் சோர்ந்திருந்தால் அதை வெளியேற்ற வழியில்லை, இதயம் நின்றுபோகலாம். நல்லது என்று நினைத்துக் கொடுப்பதே கெடுதலாகிறது.

அதைவிடக் கொடுமை மருந்துக்கடை வலி மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும். தத்தளிக்கும் சிறுநீரகத்தை இப்படித்தானா அழுத்துவது? யாரைக் கேட்டு விழுங்குகிறீர்கள்? சுளுக்கு என்று எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும் வேண்டாம். வீங்கி இறுகிய தசை இன்னும் சேதமாகும்.

சிகிச்சை

ரத்தத்தில் தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. என்ற நொதியின் அளவு, பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்ப்போம். சில நூறுக்குள் இருக்கவேண்டிய சி.கே. பல்லாயிரத்தைத் தொட்டிருக்கும். சீக்கிரம் வந்தால் நரம்பு வழியே சலைன் ஏற்றியே பெரும்பாலோரை முழுதாகத் தேற்றிவிடலாம். தாமதித்தால் டயாலிசிஸ் வரை போகலாம். கை காலில் வீக்கம் இறுகி மரத்துப்போனால், தசையுறையைக் கீறிவிட அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

தயவுசெய்து கேளுங்கள்

முதல் இரண்டு வாரம் உங்களால் முடிந்ததில் பாதி மட்டும் செய்யுங்கள், போதும். காய்ச்சலோடு போகாதீர்கள், குடித்த மறுநாள் போகாதீர்கள், உச்சி வெயிலில் ஓடாதீர்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்கள் தசை வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். சிறுநீர் கறுத்தால் விடியட்டும் என்று படுக்காமல் அன்று இரவே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வந்ததும் 'சிறுநீர் கறுத்திருக்கிறது' என்பதோடு 'ஜிம்முக்குப் போனேன்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.