முடி நடவு: இரண்டாம் முறைக்கு முன் ஒரு கணக்கு

நெல் வயலில் நாற்று நடுவதை நாம் அறிவோம். நாற்றங்காலில் நெருக்கமாக வளர்ந்த பயிரைப் பறித்து, வயலில் இடம் விட்டு நடுகிறார்கள். வழுக்கை விழுந்த தலையில் முடி நடுவதும் ஏறத்தாழ இதே வேலைதான். பின்னந்தலையில் அடர்ந்திருக்கும் முடியை வேரோடு எடுத்து, முடியில்லாத முன்தலையில் நடுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாற்றங்காலில் அடுத்த போகத்துக்கு மறுபடியும் விதைத்துக்கொள்ளலாம். பின்னந்தலையிலோ, வேரோடு எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை.

இந்த வேறுபாட்டை மறந்து செய்த நடவுகள் பல ஏமாற்றத்தில் முடிகின்றன. பணமும் செலவாயிற்று, வலியும் பட்டாயிற்று, கண்ணாடியில் மட்டும் எதிர்பார்த்த முகம் இல்லை. இந்நிலையில் ஒருவருக்கு முதலில் தோன்றும் எண்ணம், "இன்னொரு முறை செய்துகொண்டால் சரியாகிவிடுமா?" என்பதே. சிலருக்குச் சரியாகும். சிலருக்கு இன்னும் மோசமாகும். எவருக்கு எது என்பதை அறிய, வழுக்கை எப்படி விழுகிறது, நட்ட முடி எப்படி வளர்கிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நட்ட முடி ஏன் நிலைக்கிறது?

ஆண்களின் வழுக்கைக்கும் ஆண்மைச் சுரப்பிகளுக்கும் உள்ள தொடர்பை 1942ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க அறிவியலார் எடுத்துக் காட்டினார். பருவமடையும் முன்பே விரைச் சுரப்பு இல்லாமற்போனவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் செலுத்தியபோது, வழுக்கைப் போக்குள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. ஆகவே ஹார்மோன், மரபு இரண்டும் சேர்ந்தே வழுக்கையை உண்டாக்குகின்றன.

உடலில் உள்ள ஒரு நொதி, டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் வீரியம் மிக்க பொருளாக மாற்றுகிறது. நெற்றியோரத்திலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் இதனால் சிறிது சிறிதாகச் சுருங்குகின்றன. ஒவ்வொரு முறை உதிர்ந்து முளைக்கும்போதும் முடி முன்னிலும் மெலிந்து, குட்டையாகி, இறுதியில் பூனைமயிர்போல் ஆகிவிடுகிறது. பின்னந்தலையிலும் காதுகளுக்கு மேலும் உள்ள மயிர்க்கால்களை இப்பொருள் பெரிதும் பாதிப்பதில்லை.

இந்த இயல்பு தோலின் இடத்தைச் சார்ந்ததா, மயிர்க்காலையே சார்ந்ததா? நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இதைச் சோதித்துப் பார்த்தார். பின்னந்தலைத் தோல் துண்டை வழுக்கையில் வைத்தால் அங்கே முடி வளர்ந்துகொண்டே இருந்தது. வழுக்கைத் தோல் துண்டைப் பின்னந்தலையில் வைத்தால் அது வழுக்கையாகவே இருந்தது. அதாவது, மயிர்க்கால் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் குணத்தையே உடன் கொண்டு செல்கிறது. 1952இல் அவர் ஆண் வழுக்கைக்கு முடி நடத் தொடங்கினார். 1959இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939ஆம் ஆண்டிலேயே இதுபோன்ற முறையை எழுதியிருந்தார். ஆனால் போர்க்காலமாதலால் அது பிற நாடுகளுக்கு எட்டவில்லை.

வில்லைகளின் காலம்

அக்காலத்து முறை எளிமையானது. ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கத்தியால் பின்னந்தலைத் தோலை மாத்திரை வில்லைபோல் வெட்டி எடுப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் பதினைந்து, இருபது முடிகள் இருக்கும். முன்தலையில் அதே அளவில் துளைகள் இட்டு அவற்றைப் பொருத்துவார்கள். முடி வளர்ந்தது உண்மை. ஆனால் பொம்மையின் தலையில் குத்தி வைத்த நார்போல், கற்றை கற்றையாக வளர்ந்தது. 1960களிலும் 1970களிலும் இம்முறையில் முடி நட்டுக்கொண்டவர்களில் பலர் பிறகு இதையே மறைக்க வழி தேடினார்கள்.

இதற்கு உடற்கூற்றியல் காரணங்கள் உள்ளன. நட்ட துண்டுக்கு முதல் சில நாட்களில் இரத்தக் குழாய் இணைப்பு இல்லை. சுற்றிலும் உள்ள திசுநீரே ஊறி உள்ளே சென்று அதற்கு உணவும் உயிர்வளியும் தருகிறது. பெரிய வில்லையின் நடுப்பகுதிக்கு இந்த ஊற்று எட்டாததால் அங்குள்ள மயிர்க்கால்கள் மடியும். ஓரத்தில் உள்ளவை பிழைக்கும். வடையின் நடுவே துளை இருப்பதுபோல், நடுவில் மொட்டையும் சுற்றிலும் முடியுமாக அது காட்சி தரும். மேலும், காயம் ஆறும்போது தோல் சுருங்குவதால் முடிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கற்றையாகிவிடும்.

இரத்த ஓட்டம் தடைப்படாதிருக்க வில்லைகளுக்கு இடையே வெற்றிடம் விட்டு, அதைப் பின்னர் இரண்டு, மூன்று, நான்கு அமர்வுகளில் நிரப்புவது மருத்துவர்களின் திட்டம். பலரால் எல்லா அமர்வுகளையும் முடிக்க இயலவில்லை. சிலருக்கு முடிப்பதற்குள் பின்னந்தலைச் சேமிப்பே தீர்ந்துபோயிற்று.

நிலையான முடி, நிலையாத தலை

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. நட்ட முடி நிலைத்து நிற்கும். அதைச் சுற்றியிருந்த சொந்த முடி நிலைக்காது. இருபத்தைந்து வயதில் நெற்றியோரத்தில் மட்டும் முடி குறைந்த ஓர் இளைஞருக்கு, பள்ளிப் பருவத்தில் இருந்ததுபோலத் தாழ்வான நெற்றி விளிம்பை நட்டுக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். அன்று அது அழகாக இருக்கும். நாற்பது வயதில் அதன் பின்னால் இருந்த சொந்த முடி உதிர்ந்துவிட, முன்னே ஒரு வரிசை மட்டும் வேலிபோல் நிற்கும். உச்சியில் நட்டதும் அப்படியே. உச்சி வழுக்கை வற்றும் குளத்தின் கரைபோல் வெளிநோக்கி விரியும். நட்ட முடி நடுவில் தீவாக நிற்க, சுற்றிலும் வெறுந்தோல் வளையமாகத் தோன்றும்.

ஆகவே நடவு பிழைத்ததாலேயே ஏமாற்றம் வருவதும் உண்டு. இரண்டாம் முறைக்குத் திட்டமிடுவோர் முதலில் உணர வேண்டியது இதுதான். இன்றைய தலைக்கு மட்டும் நடுவது போதாது; இருபது ஆண்டு கழித்து இருக்கப்போகும் தலையையும் எண்ணி நடவேண்டும்.

வில்லையிலிருந்து கொத்துக்கு

நம் தலையில் முடி ஒற்றையாக மட்டும் வளர்வதில்லை. ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட சிறு கொத்துகளாக வளர்கிறது. இதை 1984இல் ஹெடிங்டன் என்பவர் விளக்கினார். 1988இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாபி லிம்மர் என்ற மருத்துவர், பின்னந்தலையிலிருந்து எடுத்த தோல் பட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, இயற்கைக் கொத்துகளாகவே பிரித்து நடத் தொடங்கினார். 2002இல் ராஸ்மன், பெர்ன்ஸ்டைன் ஆகியோர், பட்டையாக வெட்டாமல் ஒவ்வொரு கொத்தையும் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வட்டக் கத்தியால் தனித்தனியே எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். பட்டை முறையில் பின்னந்தலையில் கோடுபோல் ஒரு தழும்பு இருக்கும். தனிக்கொத்து முறையில் புள்ளி புள்ளியாகப் பல சிறு தழும்புகள் இருக்கும். தழும்பே இல்லாத முறை எதுவும் இல்லை.

கருவி நுண்மையானாலும் தவறுகள் ஒழியவில்லை. எடுக்கும்போது கத்தி சாய்ந்தால் மயிர்க்கால் குறுக்கே வெட்டுப்படும். எடுத்த கொத்து காற்றில் உலர்ந்தால் மடியும். உடலுக்கு வெளியே நெடுநேரம் இருந்தாலும் மடியும். லிம்மர் செய்த சோதனையில், இரண்டு மணி நேரம் வெளியே இருந்தவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பிழைத்தன. 48 மணி நேரம் இருந்தவற்றில் ஏறத்தாழ பாதியே பிழைத்தன. புகைபிடிப்பதும் தோலின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து நடவைக் கெடுக்கக்கூடும்.

முதலில் பொறுமை

முடி நட்ட இரண்டு முதல் ஆறு வாரங்களுக்குள் நட்ட முடியின் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தண்டுதான் உதிர்கிறது, வேர் உள்ளே உறங்குகிறது. மூன்று, நான்கு மாதங்களில் மெல்லிய முடி தலைகாட்டும். ஆறாம் மாதத்தில் பாதி விளைவு தெரியலாம். முழு விளைவைக் காண ஓராண்டு ஆகும். உச்சியில் ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். அறுவையின் அதிர்ச்சியால் அருகிலுள்ள சொந்த முடியும் சில மாதங்கள் உதிர்வதுண்டு. இதனால், மூன்றாம் மாதத்தில் நடவுக்கு முன்பிருந்ததைவிடத் தலை மோசமாகத் தோன்றலாம். அந்த வேளையில் இரண்டாம் நடவுக்கு நாள் குறிப்பது, முளைக்காத விதையைத் தோண்டிப் பார்ப்பதைப் போன்றது.

ஓராண்டு கழித்தும் மனம் நிறையவில்லை என்றால், காரணத்தை வகை பிரிக்க வேண்டும். அவை நான்கு.

ஒன்று, நட்டது முளைக்கவில்லை. எடுத்ததிலோ வைத்ததிலோ பிழை நேர்ந்திருக்கலாம். தோலில் அழற்சி நோய் ஏதேனும் இருந்து மயிர்க்கால்களை அழித்திருக்கலாம். நோய் இருந்தால், அது அடங்குமுன் மறுபடி நட்டாலும் அதே கதிதான்.

இரண்டு, முளைத்தது, ஆனால் நட்டதே குறைவு. மூன்று, நட்டது நன்றாக இருக்கிறது. சொந்த முடி உதிர்ந்துவிட்டது. நான்கு, முடி தவறான இடத்திலோ தவறான சாய்விலோ வளர்ந்துள்ளது. இரண்டாம் வகைக்கு மறுநடவு நல்ல மருந்து. மூன்றாம் வகைக்கு முதலில் உதிர்வைத் தடுக்க வேண்டும். நான்காம் வகைக்குத் திருத்தம்தான் தேவை. வெறும் கூட்டல் பயன்படாது.

கையிருப்பு எவ்வளவு?

இனி கணக்குக்கு வருவோம். இயற்கையான தலையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 65 முதல் 85 கொத்துகள் இருக்கும். அடர்த்தி ஏறத்தாழ பாதியாகும் வரை மெலிவு கண்ணுக்கு எளிதில் தெரியாது. முடி நடவு என்னும் கலையே இந்த உண்மையின்மேல்தான் நிற்கிறது. பின்னந்தலையில் ஓரளவு எடுத்தால் தெரியாது. முன்தலையில் சதுர சென்டிமீட்டருக்கு 30 முதல் 40 கொத்துகள் நட்டாலே நிறைவாகத் தோன்றும்.

வாழ்நாள் முழுவதற்குமாகப் பின்னந்தலையிலிருந்து எடுக்கக்கூடியவை ஏறத்தாழ 4,000 முதல் 7,000 கொத்துகள். ஆளுக்கு ஆள் இது மாறும். முற்றிய வழுக்கையின் பரப்போ 200 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கலாம். சதுர சென்டிமீட்டருக்கு 35 வீதம் நிரப்ப 7,000 கொத்துகள் வேண்டும். பலரிடம் அவ்வளவு கையிருப்பு இராது.

ஒருவரிடம் மொத்தம் 5,500 கொத்துகள் இருந்தன என்று கொள்வோம். முதல் நடவில் 2,500 செலவாயின. மீதம் 3,000. முன்தலையைத் திருத்த 1,000 வேண்டும். உச்சியை மறைக்க 2,000 வேண்டும். இரண்டையும் செய்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது; ஆனால் உதிர்வு நின்றுவிடாது. ஆகவே முகத்துக்குச் சட்டமாக அமையும் முன்தலைக்கே முதலிடம் தந்து, உச்சியைக் கடைசிக்கு விடுவதே அறிவுடைமை. உச்சி எத்தனை கொத்துகளையும் விழுங்கிவிட்டு, குறைவாகவே பலன் காட்டும்.

மறுநடவுக்கு முன் பின்னந்தலையை உருப்பெருக்கியால் ஆராய வேண்டும். அங்கும் முடிகள் மெலிந்து வருமானால், அங்கிருந்து எடுத்து நடுவதும் ஒரு நாள் உதிரும். அத்தகையவருக்கு நடவு ஏற்றதன்று. முதல் முறையிலேயே அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், பின்னந்தலை பூச்சி அரித்த கம்பளம்போல் தோன்றும். தாடி மயிரைக் கடனாக எடுத்து முன்தலையின் உட்பகுதியில் அடர்த்தி கூட்டுவது உண்டு. ஆனால் அது தடிப்பானது. நெற்றி விளிம்புக்குப் பொருந்தாது.

சொந்த முடியைக் காக்க இரண்டு மருந்துகள் நெடுங்காலமாக உள்ளன. ஒன்று மினாக்சிடில், இரத்த அழுத்தத்துக்கென உருவான இது, தலையில் தடவும் மருந்தாக 1988இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. மற்றது ஃபினாஸ்டரைடு, முன் சொன்ன நொதியைத் தடுக்கும் இம்மாத்திரை 1997இல் வழுக்கைக்காக இசைவு பெற்றது. பால் உணர்வுக் குறைவு, மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகள் சிலருக்கு நேர்வதால் மருத்துவர் அறிவுரையின்றி இதை உட்கொள்ளலாகாது. மருந்தை நிறுத்தினால் பயனும் நின்றுவிடும்.

தவறைத் திருத்துதல்

பழைய வில்லைகளைத் தாங்கி நிற்போருக்கும் வழி உண்டு. வில்லையைச் சிறு வட்டக் கத்தியால் எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் கொத்துகளாகப் பிரித்து, வேறிடத்தில் நடுகிறார்கள். எடுத்த துளையைத் தைத்துவிடுகிறார்கள். இதில் முடி வீணாவதில்லை. தவறிய இடத்திலிருந்து தக்க இடத்துக்குக் குடிபெயர்கிறது. கற்றைகளை மெலிவித்த பின், அவற்றின் முன்னால் ஒற்றை முடிக் கொத்துகளை ஒழுங்கற்று நடுவார்கள். இயற்கையான நெற்றி விளிம்பு அளவுகோலால் கோடு கிழித்ததுபோல் இருப்பதில்லை அல்லவா? பட்டைத் தழும்பின்மீதும் கொத்துகளை நட்டு மறைக்கலாம். தழும்பில் இரத்த ஓட்டம் குறைவாதலால் நெருக்கமாக நடக்கூடாது. இவை ஒரே நாளில் முடிவதில்லை. இரண்டு, மூன்று அமர்வுகள் ஆகலாம்.

செய்பவர் யார் என்பதும் முதன்மையானது. உரிய பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே முடி நடவு செய்ய வேண்டும் என்றும், காணொளி பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்றும் இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. இரண்டாம் நடவை நாடுவோர் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். "என் பின்னந்தலையில் இன்னும் எத்தனை கொத்துகள் எடுக்கலாம்? இந்த முறைக்குப் பின் எத்தனை மிஞ்சும்? என் வழுக்கை மேலும் விரிந்தால் இந்த நடவு எப்படித் தோன்றும்?" இவற்றுக்கு விடை சொல்லாமல் நாள் மட்டும் குறிக்கிறவரிடம் அவசரப்பட வேண்டியதில்லை.

கையிருப்பு மிகக் குறைந்தவருக்கு, நடாமலிருப்பதே நல்ல திட்டமாகவும் அமையலாம். முடியைக் குட்டையாகக் கத்தரித்துக்கொள்வது, தோலில் புள்ளியிட்டு நிறமேற்றிக்கொள்வது போன்ற எளிய வழிகள் அவருக்கு உதவும். நாற்றங்காலில் எஞ்சியிருக்கும் நாற்றை எண்ணிப் பார்த்துவிட்டு வயலை உழுபவனே நல்ல உழவன். முடி நடவிலும் கணக்கு முதலில், கத்தி பிறகு.