மெழுகுப் பென்சில் கிழித்த எல்லை

பாலஸ்தீனத்தைப் பங்கிடுவதற்கென்று ஆணையங்கள் ஆற அமரத் தீட்டிய வரைபடங்கள் எல்லாம் காகிதத்தோடு நின்றுவிட, சண்டையை நிறுத்துவதற்காகப் படைத்தளபதிகள் அவசரமாகக் கிழித்த கோடுகளே பிற்காலச் சமாதானப் பேச்சுகளுக்கு அடிப்படையாயின. 1937ஆம் ஆண்டின் பீல் ஆணையத் திட்டமும், 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை 33க்கு 13 என்ற வாக்குகளில் நிறைவேற்றிய 181ஆம் தீர்மானமும் அத்தகைய காகிதத் திட்டங்களே. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கும் மேல் ஒதுக்கிய அத்தீர்மானத்தை அரபுத் தரப்பு நிராகரித்தது. பிரிவினைக்குப் பதிலாகக் கூட்டாட்சியைப் பரிந்துரைத்திருந்த இந்தியாவும் (அதே ஆண்டில் தன் மண் துண்டானதைக் கண்ட நாடு அது) எதிர்த்தே வாக்களித்தது.

போர் மூண்டு ஜெருசலேம் இரண்டுபட்டபின், 1948 நவம்பர் 30 அன்று நகரின் முஸ்ராரா பகுதியிலிருந்த ஒரு வீட்டில், இஸ்ரேல் தரப்புத் தளபதி மோஷே தயானும் ஜோர்டானின் அரபுப் படையைச் சேர்ந்த அப்துல்லா அல்-தல்லும் 1:20,000 அளவுள்ள வரைபடம் ஒன்றின்மேல் தத்தம் முன்னணி நிலைகளை மெழுகுப் பென்சிலால் குறித்தார்கள். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்டது எவருக்கும் உரிமையற்ற சூனியப் பகுதி என்று கொள்ளப்பட்டது. ஆனால் மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிப்பில் இழுபட்ட அக்கோடு தரையில் 60 முதல் 80 மீட்டர் அகலத்தை விழுங்கியது. அதற்குள் வீடுகளும் தெருக்களும் அகப்பட்டுக்கொண்டதால், கோட்டின் தடிப்புக்குள் அடங்கிய நிலம் யாருடையது என்ற வழக்கு பல ஆண்டுகள் ஓயவில்லை.

1949 ஏப்ரல் 3 அன்று, ஐ.நா. நடுவர் ரால்ஃப் பஞ்ச்சின் முயற்சியால் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்டானும் கையெழுத்திட்ட போர் ஓய்வு ஒப்பந்தம், அதாவது பகையை முடிக்காமல் போரை மட்டும் நிறுத்திவைக்கும் உடன்பாடு, இக்கோட்டையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. பிற்காலத்தில் ‘பச்சைக் கோடு’ எனப் பெயர்பெற்ற எல்லை முழுவதும் ரோட்ஸில் முடிவானதல்ல. வாடி ஆரா பகுதியை இஸ்ரேலுக்கு விட்டுக்கொடுப்பது போன்ற முக்கியமான பேரங்கள், ஜோர்டான் மன்னர் அப்துல்லாவின் ஷூனே மாளிகையில் இரகசியமாகவே படிந்தன. ஊரையும் வயலையும் பறிகொடுக்கவிருந்த பாலஸ்தீனர்களுக்கு அங்கே இருக்கை இல்லை. ஜெருசலேமுக்குத் தெற்கே, ரயில் பாதை இஸ்ரேல் வசம் இருக்கவேண்டும் என்பதற்காக பெய்த் ஸஃபாஃபா கிராமத்தின் நடுவே வேலி எழுந்தது. வடக்கே பர்த்தா கிராமமும் இரண்டாகி, உறவினர்கள் இரண்டு ஆட்சிகளின்கீழ் வாழ நேர்ந்தது.

இக்கோடு வருங்கால நிலத் தீர்வையோ எல்லையையோ கட்டுப்படுத்தாது என்று அந்த ஒப்பந்தமே கூறுகிறது. இஸ்ரேலின் இருப்பை ஏற்றதாகிவிடும் என்று அஞ்சிய அரபு நாடுகளுக்கே அன்று அந்த வாசகம் தேவைப்பட்டது. கோட்டுக்கு அப்பாலிருந்த மேற்குக் கரையை இஸ்ரேல் கைப்பற்றிய 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று: கோடு எல்லை அல்ல என்பதற்கு இஸ்ரேல் அதே வாசகத்தைச் சான்று காட்ட, 1988ல் அல்ஜியர்ஸில் இரு நாட்டுத் தீர்வை நோக்கி நகர்ந்த பாலஸ்தீன விடுதலை இயக்கம், பழைய பாலஸ்தீனத்தின் 22 விழுக்காட்டுக்கு உரிமை கோர அதே கோட்டையே பற்றிக்கொண்டது. பாலஸ்தீனர்களின் இந்த நிலைப்பாடு வெறும் சந்தர்ப்பவாதம் என்று தள்ளிவிடக்கூடியதன்று; 78 விழுக்காட்டை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று கருதுபவர்களிடம் எஞ்சியதிலும் இஸ்ரேல் பங்கு கேட்டதே 2000ஆம் ஆண்டு கேம்ப் டேவிட் பேச்சு முறிந்ததற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று.

கேம்ப் டேவிட்டில் பேசப்பட்ட நிலப் பரிமாற்றம், அதாவது கோட்டுக்கு அப்பாலுள்ள குடியேற்றங்களை இஸ்ரேல் வைத்துக்கொண்டு ஈடாக வேறு நிலம் தருவது, கோட்டை அளவுகோலாக ஏற்றே கணக்கிடப்பட்டது. ஆனால் 2002ல் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய தடுப்பு அரணின் பெரும்பகுதி கோட்டை விட்டு விலகி மேற்குக் கரைக்குள்ளேயே செல்கிறது. இது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று 2004 ஜூலையில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. கிழக்கு பர்த்தா இப்போது பச்சைக் கோட்டுக்கும் அரணுக்கும் இடையில் கிடக்கிறது. அங்குள்ளோர் சொந்த வீட்டில் குடியிருப்பதற்கே இஸ்ரேலிய இராணுவத்தின் அனுமதிச்சீட்டு வேண்டும்.