மரபணுவின் மௌனமும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் எவருக்கேனும் புற்றுநோய் என்று தெரிந்தால், "வளர்ந்துவிட்ட கட்டி இனி அடங்குமா?" என்பதே உற்றார் முதலில் கேட்கும் கேள்வி. அதே வினாவை விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் எழுப்பி விடை தேடிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

நம் உடல் எண்ணிறந்த உயிரணுக்களால் ஆயது. அவற்றினுள் இருக்கும் மரபணுவின் கட்டளை, ஆர்.என்.ஏ. என்னும் ஓலையாகப் புறப்பட்டுச் சென்று, அதற்குரிய புரதத்தை உண்டாக்குகிறது. சில மரபணுக்கள் வளர்ச்சியைத் தூண்டுவன, சில அடக்குவன. அடக்குவனவற்றுள் தலையாயது பி-53. பழுதுற்ற உயிரணுவைப் பெருகவொட்டாமல் தடுப்பது அதன் கடமை. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தக் காவலன் கெட்டுப் போயிருக்கக் காண்கிறோம்.

ஒரு மரபணுவின் தொழிலை அறிய, அதனை நீக்கிவிட்டு விளைவதைப் பார்ப்பது பழைய முறை. நீக்கியதை மீட்டு வைத்தலோ எளிதன்று. 1998-ல் அமெரிக்க அறிஞர்களான ஆண்ட்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் நுண்புழுக்களில் வேறொரு வழியை வெளிப்படுத்தினர். இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை உட்செலுத்தினால், அதனோடு ஒத்த ஓலை வழியிலேயே அழிந்துபோகிறது. மரபணு அப்படியே இருக்கிறது. அதன் குரல் மட்டும் எழுவதில்லை. இதற்காக 2006-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த மௌனத்தை வேண்டும்போது கலைக்க ஒரு விசை வேண்டுமன்றோ? 1992-லேயே ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மன்ஃப்ரெட் கோசனும் ஹெர்மன் புஜார்டும், டெட்ராசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மருந்தால் மரபணுவை இயக்கும் முறையை வகுத்திருந்தனர். பின்வந்தோர் இரண்டையும் இணைத்தனர். அவ்வின மருந்தாகிய டாக்ஸிசைக்ளினை எலிக்குக் கொடுத்தும் நிறுத்தியும், இரயில்பாதைக் கைகாட்டியை ஏற்றி இறக்குவது போல, மரபணுவைப் பேசவும் வாய்மூடவும் செய்யலாயினர்.

2007-ல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட் லோவின் குழுவினர், பி-53-ஐ மௌனமாக்கி எலிகளின் ஈரலில் கட்டிகளை வளரச் செய்தனர். பின்னர் மருந்து கொடுத்து மௌனத்தைக் கலைத்தனர். கட்டிகள் சுருங்கின! உயிரணுக்கள் முதுமையுற்றுப் பெருக்கத்தை நிறுத்தின. அவற்றை உடலின் இயற்கைக் காவற்படையே அகற்றியது. 2015-ல் லோவும் உடனுழைத்தோரும் பெருங்குடல் புற்றுநோயில் ஏபிசி என்னும் மரபணுவை இவ்வாறே மீட்டபோது, இரண்டு வாரங்களில் கட்டிகள் மறைந்தன. உயிரணுக்கள் தம் பழைய தொழிலுக்குத் திரும்பின.

முற்றிய கட்டியும் தன்னைத் தோற்றுவித்த அந்த மௌனத்தையே நம்பி வாழ்கிறது என்பது இதனால் விளங்கிற்று. மருந்து தேடுவோர்க்கு எவ்விடத்தில் குறிவைப்பது என்பதை இம்முறை காட்டித் தருகிறது.

எனினும் அன்பர்கள் ஒன்றை மறத்தலாகாது. அந்த எலிகளில் விசை முன்னரே பொருத்தப்பட்டிருந்தது. மனிதரின் கட்டியிலோ விசை ஏதுமில்லை. மரபணுவே பெரும்பாலும் சிதைந்திருக்கும். இவ்வகை ஆர்.என்.ஏ. மருந்துகளில் முதலாவது 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் பரம்பரை நரம்பு நோய் ஒன்றிற்கேயன்றிப் புற்றுநோய்க்கன்று. ஆதலின், மரபணு மருத்துவம் என்று கூறிப் பொருள் பறிப்போரை நம்பாது, ஐயம் தோன்றிய அன்றே தக்க மருத்துவமனையை நாடுவோமாக. ஆய்வுக்கூடம் தந்திருப்பது நம்பிக்கை; காலத்தே செய்யும் சிகிச்சையே இன்று நம் கையிலுள்ள துணை.